வழிக்கு ஏது திறப்பு

சிப்பிக் குருசடியை அழித்தவள் நீ. கடல் அரித்து அது போகவில்லை, விடுதிக்காரர் இடிக்கவும் இல்லை. சிப்பி பதித்த அந்தச் சீமெந்துச் சிலுவை இப்போதும் அதே பனையின் கீழ் நிற்கிறது. ஆனால் உலகத்தில் எவரும் பார்க்கக்கூடியதாக அது இருந்த ஒரே இடம் உன் போன் விளையாட்டின் வரைபடம். அங்கிருந்து அதை எடுத்தவள் நீ. வியாழக்கிழமை காலை வழமைபோலப் போனைத் திறந்தேன். நீல வட்டம் இருந்த இடம் சாம்பல் நிறமாகக் கிடந்தது. கீழே ஒரு வரி: பாதுகாப்பான நடைவழி இல்லை, வைத்தவரே அகற்றினார். அதற்கும் கீழே பெயர்: கழுதைராணி. மன்னாரில் கழுதைகள் நிறைய உண்டு, கழுதைராணி ஒருத்திதான். நீ அந்தப் பெயரை வைத்தபோது நான் பக்கத்தில் இருந்து சிரித்தவள்.

இதை உனக்கு மட்டும் எழுதி, மடித்து, யாரிடமாவது கொடுத்து விட்டிருக்கலாம். செய்யமாட்டேன். நீ எல்லாரும் பார்க்கிற இடத்தில் அழித்தாய், நான் எல்லாரும் பார்க்கிற இடத்தில் எழுதுகிறேன். மாதர் சங்கத்தின் காரியதரிசியாகப் பதினொரு வருடம் மனு எழுதிய கை இது. தண்ணீருக்கு எழுதியது, பஸ்ஸுக்கு எழுதியது, பள்ளிக்கூடக் கூரைக்கு எழுதியது. பெற்ற பிள்ளைக்கு மனு எழுதுவேன் என்று நினைத்ததில்லை. அடுத்த மாதம் உனக்குக் கலியாணம், பிறகு நீ முருங்கனுக்குப் போய்விடுவாய். அதற்கு முன் இதைச் சொல்லிவிடவேண்டும். கலியாணத்துக்குப் போகிற பிள்ளைக்குத் தாய் புத்தி சொல்வது வழக்கம்தானே. என்னிடம் இருக்கிற புத்தி ஒன்றே ஒன்று. அதையும் நான் தவறு செய்துதான் படித்தேன்.

மற்றவர்களும் இதை வாசிக்கப்போகிறார்கள் என்பதால், உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்லவேண்டியிருக்கிறது. அந்த விளையாட்டில் உண்மையான இடங்கள் வட்டங்களாகத் தெரியும். கோயில், பள்ளிவாசல், சிலை, பழைய மரம், இப்படி. வட்டத்துக்கு அருகே காலால் நடந்துபோய் விரலால் அதைச் சுற்றினால் சாமான்கள் விழும்: விளக்கு, கயிறு, மருந்துப் போத்தல், சிலவேளை ஒரு திறப்பு. திறப்புகள் சேர்ந்தால் அந்த விளையாட்டின் கோட்டைக் கதவொன்று திறக்கும். வீட்டில் கதிரையில் இருந்துகொண்டு ஒன்றும் எடுக்கமுடியாது, நடந்தவருக்குத்தான் கிடைக்கும். எனக்கு அது பிடித்ததே அதனால்தான். ஆனால் பிடிப்பதற்கு முன் நான் செய்ததை நீ மறந்திருக்கமாட்டாய்.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு நீ வீட்டில் இருந்த காலம். பின்னேரமானால் போனைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே போய்விடுவாய். நடப்பாய், நிற்பாய், திரும்பி நடப்பாய். ரோஸ்மலர் அக்கா ஒரு நாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, உன்ர பிள்ளை ரோட்டில நிண்டு ஆருக்கோ படம் எடுத்து அனுப்புது என்றாள். நான் உன்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை. நேரே வந்து அறைந்தேன். போனைப் பிடுங்கி அரிசி வாளிக்குள் புதைத்து வைத்தேன், மூன்று கிழமை. ஒரு பொம்பிளைப் பிள்ளை காரணமில்லாமல் ரோட்டில் நடந்தால் அதற்குக் காரணம் ஒரு ஆண்பிள்ளையாகத்தான் இருக்கவேண்டும் என்று நினைக்கிற ஊர் இது. நான் அந்த ஊரின் மூளையோடுதான் உன்னை அடித்தேன். நீ அழவில்லை. மூன்றாம் கிழமை முடிவில் என் முன்னால் வந்து நின்று, அம்மா, செருப்பைப் போட்டுக்கொண்டு வாங்கோ, என்ன செய்யிறன் எண்டு காட்டுறன் என்றாய்.

அன்று நாங்கள் மன்னார் பட்டினம் முழுக்க நடந்தோம். கோட்டைக்குப் போனோம், அந்தப் பழைய பெரிய பெருக்கமரத்துக்குப் போனோம், உப்புக்குளத்து ஒழுங்கைகளுக்குள் புகுந்து புறப்பட்டோம். அந்த வயதுவரை நான் ஒருநாளும் அப்படிக் காரணமில்லாமல் நடந்ததில்லை. கால் வலித்தது, எனக்குள் ஒரு சந்தோசம் இருந்தது, உன்னிடம் சொல்லவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது நீ போனில் எங்கள் ஊரைக் காட்டினாய். ரோட்டு ஒரு கோடு, கடல் ஒரு நீலம், இடையில் ஒன்றுமே இல்லை. எங்கட ஊரில ஒரு வட்டமும் இல்லை அம்மா, ஆக்களே இல்லாத இடம் மாதிரிக் கிடக்கு என்றாய். அதைக் கேட்டு எனக்குக் கோபம் வந்தது. உன்னில் அல்ல. அறுபது பேர் நாள்தோறும் கரைவலை இழுக்கிற ஒரு கரையை வெறும் சாம்பல் நிறமாகக் கீறி வைத்தவர்களில்.

அடுத்த நாளே நீ குருசடியை அந்த விளையாட்டுக்குப் பிரேரித்தாய். இரண்டு படம் கேட்டார்கள். ஒன்று சிலுவை. மற்றது சிலுவையைச் சுற்றியுள்ள இடம். இரண்டாவது படத்தை நீ ரோட்டுப் பக்கம் நின்று எடுத்தாய். ரோட்டிலிருந்து கரை வரைக்கும் ஒழுங்கை முழுவதும் அதில் விழுந்தது. உன் அப்பாவும் இன்னும் நாலு பேரும் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வருகிறார்கள், அவர்களுக்கு முன்னால் ஒரு கழுதை, பின்னால் கூடையோடு நான். கடைசியில் ஒரு கேள்வி இருந்தது. நீ வாசித்துத் தமிழில் சொன்னாய்: இந்த இடத்துக்கு எவரும் நடந்து போகலாமா? நான் மீனுக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தேன். ஓம் எண்டு போடு, இதென்ன கேள்வி, கழுதைகூடப் போகுது என்றேன். நீ சிரித்துக்கொண்டு போட்டாய். அன்றைக்குத்தான் விளையாட்டில் உன் பழைய பெயரை மாற்றிக் கழுதைராணி என்று வைத்தாய்.

இரண்டு மாதம் கழித்து வட்டம் வந்தது. உயிலங்குளத்திலிருந்தும் முருங்கனிலிருந்தும் பிள்ளைகள் மோட்டார் சைக்கிளில் வந்து, ரோட்டில் நிறுத்திவிட்டு, ஒழுங்கையால் நடந்து வந்து சாமான் எடுத்தார்கள். ரோஸ்மலர் அக்கா அவர்களுக்கு வடை சுட்டு வைத்தாள். உன்னைப் பற்றிக் கதை சொன்ன அதே அக்கா. நான் ஞாபகப்படுத்தினேன், அவள் எனக்கு வடை தரவில்லை. நானும் என் போனில் அந்த விளையாட்டைப் போட்டுக்கொண்டேன். கரைக்குப் போகிற காலையெல்லாம் குருசடியில் ஒரு சிலுவை அடையாளம் போட்டு, ஒரு சுற்றுச் சுற்றி, விழுந்ததைப் பொறுக்கிக்கொண்டு போவேன். விளையாட்டில் நீ பதினேழாம் படியில் இருந்தபோது நான் பத்தொன்பதுக்குப் போய்விட்டேன். நீங்கள் சாமியைக் கும்பிடுறியளோ சாமான் பொறுக்குறியளோ என்று நீ கேலி செய்தாய். இரண்டுக்கும் ஒரே நடைதான் பிள்ளை என்றேன்.

பிறகு உல்லாசப் பயணிகள் விடுதி வந்தது. ஒழுங்கையின் இரண்டு பக்கமும் இருந்த பனங்காணிகளை வாங்கினார்கள். வாங்கட்டும், விற்றவர்களுக்கு அவர்களுடைய தேவை. வேலி போட்டார்கள், அதுவும் அவர்கள் காணி. ஒரு நாள் ஒழுங்கையின் வாயிலும் ஒரு இரும்புப் படலை நின்றது. சண்டை வரும் என்று பார்த்தேன், வரவில்லை. முகாமையாளர் பதவிசான மனிதர். வீட்டுக்கு வந்து, கதிரையில் இருந்து, தேத்தண்ணி குடித்து, அக்கா, இரவில் மாடு கழுதை வராமலுக்குத்தான் படலை, உங்கட ஆக்களுக்குத் தடை ஒண்டும் இல்லை, இந்தாங்கோ ஒரு திறப்பு என்று பூட்டின் திறப்பை என் உள்ளங்கையில் வைத்தார். ஒரு தாளில் கையெழுத்தும் கேட்டார். நன்றியுடன் பெற்றுக்கொண்டேன் என்று அதில் எழுதியிருந்தது. வாசித்தேன். மனு எழுதுகிறவள், ஒவ்வொரு சொல்லையும் வாசித்தேன். வாசித்துவிட்டுத்தான் கையெழுத்து வைத்தேன்.

அப்பா பின்னால் நின்றவர். முகாமையாளர் போனபிறகு கேட்டார்: "வழிக்கு ஆராவது திறப்பு வாங்குவினமோ? பூட்டுக்கெல்லோ திறப்பு."

நான் அவரைப் பேசாமல் இருக்கச் சொன்னேன். படிச்ச ஆக்களோட கதைக்கத் தெரியாது உங்களுக்கு என்றும் சொன்னேன். அது பெரிய வார்த்தை. ஒரு திறப்பை வாங்கினால் பூட்டை ஒத்துக்கொண்டதாகும் என்று வலை இழுக்கிற மனிதருக்கு உடனே விளங்கியது, பதினொரு வருடம் மனு எழுதிய எனக்கு விளங்கவில்லை. பொய் சொல்கிறேன், எனக்கும் விளங்கியது. ஆனால் அந்தத் தேத்தண்ணிக் கதையிலேயே முகாமையாளர் உன்னைப் பற்றியும் கேட்டிருந்தார். பிள்ளை இங்கிலீசு கதைப்பாவாமே, வரவேற்பு மேசைக்கு ஒரு ஆள் தேவை என்றார். அடுத்த கிழமை நீ வேலைக்குப் போனாய். இதை நான் இதுவரைக்கும் ஒருவருக்கும் சொன்னதில்லை. சங்கத்துக்குச் சொல்லவில்லை, பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூடச் சொல்லவில்லை. உன் வேலைக்காக நான் ஊரின் வழியைக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

இப்போது அவர்கள் பூட்டை மாற்றிவிட்டார்கள். என் திறப்பு உள்ளே போகிறது, திரும்புவதில்லை. வலையைத் தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றிப் போக ஒரு மணித்தியாலம் கூட வேண்டும். ஐஸ் கரைந்துவிடும். கூடை சுமக்கிற பெண்கள் அந்த வெயிலில் திரும்பி வரும்போது மீன் மீனாக இருக்காது. இரண்டு பேர் வலையை விட்டுவிட்டு வேறு வேலை தேடுகிறார்கள். நீ இருக்கிற ஊழியர் விடுதி எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை, அந்த நடைக்குத்தான் பூட்டு. விடுதியின் விளம்பரப் பலகையில் மூன்று மொழியில் என்ன எழுதியிருக்கிறது என்று நீ தினமும் பார்க்கிறாய்: ஆள் நடமாட்டம் இல்லாத கடற்கரை. ஏழைகளின் இடத்தை எடுக்கிறவர்கள் முதலில் செய்கிற வேலை இதுதான். அங்கே ஆள் இல்லை என்று எழுதுவார்கள். எழுதிய பிறகு, எழுதியது உண்மையாகும்வரை ஆட்களை அகற்றுவார்கள்.

நாங்கள் பிரதேச செயலகத்தில் முறைப்பாடு கொடுத்தோம். போன கிழமை முதல் விசாரணை. முகாமையாளர் முதலில் மேசையில் வைத்தது என் தாளை. உத்தியோகத்தர் அதைத் திருப்பி எனக்குக் காட்டினார். "அம்மா, இது உங்கட கையெழுத்தோ?" ஓம் என்றேன். கந்தோரில் எங்கள் ஆட்கள் இருபது பேர் நின்றார்கள். ஒருவரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். பொது வழியாக இருந்தால் ஏன் நன்றி சொல்லித் திறப்பு வாங்கினீர்கள் என்று உத்தியோகத்தர் கேட்டார். நியாயமான கேள்வி. நில அளவைப் படத்தில் அந்த ஒழுங்கை இல்லை. நாங்கள் இருபது பேரும் வழி இருந்தது என்றோம். சொல்லைவிட ஒரு தாள் வேண்டும் என்றார், வேலிக்கு முந்திய படம் ஒன்றாவது இருக்கிறதா என்று கேட்டார். வழியை யார் படம் எடுப்பார்கள்? நாங்கள் கலியாணத்தை எடுப்போம், பிள்ளைகளின் முதல் நன்மைப் பூசையை எடுப்போம், செத்தவரைக்கூட எடுப்போம். நடக்கிற வழியை எடுத்து வைத்தவள் எங்கள் ஊரில் ஒருத்திதான். அதுவும் ஒரு விளையாட்டு கேட்டதால்.

எனக்கு அது அங்கேதான் ஞாபகம் வந்தது. போனைத் திறந்து, வட்டத்தைத் தொட்டு, உன் இரண்டாவது படத்தை உத்தியோகத்தருக்குக் காட்டினேன். வேலி இல்லை, படலை இல்லை, ஒழுங்கை இருக்கிறது, வலை இருக்கிறது, கழுதை இருக்கிறது, திகதி இருக்கிறது. அதன் கீழே, எவரும் நடந்து போகலாம் என்று உன் பதிலும் இருக்கிறது. உத்தியோகத்தர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். இதை அச்சடித்துக்கொண்டு வாங்கோ, திங்கட்கிழமை பார்ப்பம் என்றார். என் பிள்ளை போட்டது, சேர், என்று பெருமையாக, கந்தோர் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். முகாமையாளர் இரண்டு கதிரை தள்ளி இருந்தார். இதை எழுதுகிற நேரத்தில் என் வாயை நானே அடிக்கலாம் போலிருக்கிறது. அச்சடிக்கிற கடைக்கு அன்றே போயிருக்கலாம். திரையைப் படம் பிடித்து வைத்திருக்கலாம், எனக்கு அது தெரியும், நீதான் காட்டித் தந்தாய். பிடிக்கவில்லை. குருசடி எங்கே போய்விடும் என்று இருந்துவிட்டேன். வழியையும் அப்படித்தான் நினைத்தேன். மூன்று நாளில் வட்டம் போய்விட்டது.

உடனே உனக்குப் போன் அடித்தேன். நீ மறைக்கவில்லை, அது ஒன்றுதான் ஆறுதல். முகாமையாளர் கேட்டதாகச் சொன்னாய். வெளியாட்கள் போனோடு படலையடியில் வந்து நிற்பதால் விருந்தாளிகளுக்கு இடைஞ்சல் என்றாராம். பிறகு சொன்னாய், அது ஒரு கேம் அம்மா, நான் ஒரு பொத்தானைத்தானே அமத்தினனான். நான் கத்தினேன். நீயும் கத்தினாய். பிறகு நீ மெதுவாகக் கேட்டாய்:

"நீங்கள் அந்தத் திறப்பை வாங்கேக்க எனக்கு வேலை கிடைச்சது. எனக்கு அது எப்பவோ தெரியும். இப்ப அந்த வேலையை நான் காப்பாத்தினா மட்டும் பாவமோ?"

போனை வைத்துவிட்டேன். மூன்று நாள் யோசித்து இப்போது சொல்கிறேன்: இல்லை, அது உனக்கு மட்டுமான பாவமில்லை. நான் போட்ட கையெழுத்தும் நீ அமத்திய பொத்தானும் ஒரே வேலை. ஒரே வீட்டின் இரண்டு பெண்கள் ஒரு ஊரின் வழியை அடைத்திருக்கிறோம். முகாமையாளர் ஒரு கல்லைக்கூடத் தூக்கவில்லை, எல்லாவற்றையும் எங்கள் கையால் செய்வித்தார். அந்தப் பதவிசுக்குத்தான் அவருக்குச் சம்பளம். உனக்கு நான் ஏன் கோபத்தோடு எழுதுகிறேன் என்றால், நீ என் தவறைப் பிரதிபண்ணியிருக்கிறாய், என்னைவிட அழகாக.

கலியாணத்துக்கு என்று நான் வைத்திருந்த புத்தி இதுதான். உனக்கு ஏற்கெனவே உரியதை எவராவது தயவாகத் தந்தால் கையை நீட்டாதே. மாப்பிள்ளை நல்ல பிள்ளை, முருங்கனில் அவருடைய ஆட்களும் நல்லவர்கள் என்றுதான் தெரிகிறது. ஆனாலும் ஒரு நாள் அங்கே ஒருவர், நீ வேலைக்குப் போக நாங்கள் விடுறம், நீ அம்மாவைப் பார்க்கப் போக நாங்கள் விடுறம் என்று சொல்லக்கூடும். நன்றி என்று சொல்லிவிடாதே. நன்றி சொன்ன நாளிலிருந்து அது அவர்களுடைய படலை. அவர்கள் பூட்டை மாற்ற ஒரு பின்னேரம் போதும். உன் விளையாட்டில் விழுந்த திறப்புகள் பொய் என்று உனக்குத் தெரியும், அவற்றை நீ நடந்து சம்பாதித்தாய். என் கையில் வைத்த திறப்பு உண்மையான இரும்பு. அதுதான் என்னை ஏமாற்றியது.

விடுதிப் புல்தரையில் உங்கள் கலியாண விருந்தை வைக்கலாம் என்று முகாமையாளர் சொல்லியிருக்கிறாராம், மாப்பிள்ளை வீட்டார் பெருமையோடு சொன்னார்கள். நான் அங்கே வரமாட்டேன். எப்படி வருவது, படலை பூட்டியிருக்கிறது. அப்பாவும் வரமாட்டார். பள்ளிக்கூட மண்டபம் இருக்கிறது, ரோஸ்மலர் அக்காவின் வடை இருக்கிறது, ஊர் இருக்கிறது. உனக்கு வேலை போகும் என்று எனக்குத் தெரியும். போகாது என்று பொய் சொல்லி உன்னைக் கூப்பிடமாட்டேன். இருபத்துமூன்று வயது, மூன்று மொழி, மன்னார் முழுவதையும் காலால் அளந்தவள். உனக்கு வேறு மேசை கிடைக்கும். இந்த ஊருக்கு வேறு கரை கிடைக்காது.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு நான் பிரதேச செயலகத்தில் இருப்பேன். அந்தத் திறப்பை உத்தியோகத்தரின் மேசையில் வைத்து, இதை நான் என் மகளின் வேலைக்காக வாங்கினேன், ஊர் வாங்கவில்லை, என்று எல்லாருக்கும் முன்னால் சொல்லுவேன். பிறகு காரியதரிசிப் பதவியை விடுவேன், சங்கத்தார் விடச் சொன்னால். என் பங்கு அவ்வளவு. மீதி உன்னிடம் இருக்கிறது. வட்டம் போனாலும், நீ அனுப்பிய படங்களும் நீ எழுதிய பதிலும் உன் கணக்கில் கிடக்கும் என்று அந்த விளையாட்டின் உதவிப் பக்கத்தில் வாசித்தேன். பத்தொன்பதாம் படிக்காரிக்கு இதுகூடத் தெரியாதா? நேற்று உனக்கு ஒரு வரி அனுப்பினேன்: திங்கள் ஒன்பது மணி, போனோடு வா. நீ வாசித்ததற்கு அடையாளமாக இரண்டு கோடுகளும் நீலமாகிவிட்டன. இந்தக் கடிதத்தை எழுதி முடிக்கும்வரை உன்னிடமிருந்து ஒரு எழுத்து வரவில்லை.

வா. அந்தப் படத்தைக் காட்டு, கழுதைராணி நான்தான் என்று சொல். பிறகு கந்தோர் வாசலில் நின்றே குருசடியை மறுபடி வை. அது உன்னிடம் பழைய கேள்வியைத்தான் கேட்கும், இந்த இடத்துக்கு எவரும் நடந்து போகலாமா என்று.

ஓம் எண்டு போடு, மகள்.